இருட்டு மின்னோட்டம்

யஷ்வந்தபுரத்துக்கு இந்தப் பக்கம்,
மூன்றாம் மாடி, கடைசி அறை.
கண்ணாடிச் சில்லின்மேல் ஒரு காடு வளர்த்திருக்கிறேன்.
தொண்ணூற்றைந்து டிகிரியில் ஆறு மணி நேரம்
எஃகுக் குடுவைக்குள் வெந்து
நிமிர்ந்து நின்ற துத்தநாக ஆக்சைடுக் குச்சிகள்.
ஒன்றின் பருமன் அறுபது நானோமீட்டர்.
மேலிருந்து பார்த்தால் அறுகோணம் அறுகோணமாய்,
யாரும் குடிபுகாத தேன்கூடு.

வியர்க்குருவுக்குத் தடவுகிற
அதே வெள்ளைப் பொடிதான்.
இங்கே அதன் பெயர் மாதிரி எண் 23-ஆ.

ஒரு குடுவையில் மூன்று பேர்.
உழைப்பது என் சில்லு.
எதிரே சுருண்ட பிளாட்டினக் கம்பி.
ஓரமாய் ஒரு வெள்ளிக் கம்பி,
அது எதுவும் செய்யாது,
அதன் வழியே மின்சாரம் போகவே கூடாது,
ஆனால் மற்ற இருவரின் ஏற்ற இறக்கமும்
அதை வைத்துத்தான் அளக்கப்படும்.
(நம் டீன் மாதிரி என்பாள் ஜோதிர்மயி.)

கறுப்புத் துணி போர்த்தி
விளக்கை அணைத்துவிட்டால்
மின்னோட்டம் தரையோடு கிடக்க வேண்டும்.
கிடந்தது,
மாலை ஆறு மணி வரை.
ஆறடித்ததும் தலை தூக்கியது
பேருக்குள் இருக்கிற நாகம்.
ஒரு நாள் இல்லை, பதினோரு நாள்.
நான்கு மைக்ரோ ஆம்பியர், சில நாள் ஐந்து.

உடுப்பா சார் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.
"வெளிச்சமே இல்லாமல்!"
அன்று இரவே மும்பை மாநாட்டுக்குச்
சுருக்கம் போய்விட்டது, என் பெயர் முதலில்.
படிகத்தில் ஆக்சிஜன் விட்டுப்போன காலியிடங்கள்,
மாலையில் இறங்கும் வெப்பநிலை என்று
காரணம் சொல்லி ஒரு பத்தி எழுதினேன்.
நன்றாகவே எழுதினேன்.
அதுதான் இப்போது உறுத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை மழை பெய்து ஓய்ந்தது.
ஈசல்கள் கிளம்பின.
காபிக்காகக் கதவைத் திறந்தேன்;
தாழ்வாரச் சுவரில் பூச்சி கொல்லும் பெட்டி,
ஊதாவும் நீலமுமாய் எரிந்துகொண்டு,
படார், படார்.
கீழே சென்னபசப்பா
இறக்கைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"இதை எத்தனை மணிக்குப் போடுவீங்க?"

"ஆறுக்கு. சொள்ளே மேடம், சொள்ளே."
கையில் கொசு அடித்துக் காட்டினார்.

முந்நூற்று அறுபத்தைந்து நானோமீட்டர்.
அந்தக் குழல் விளக்கின் பக்கவாட்டில்
பொடி எழுத்தில் அச்சிட்டே இருக்கிறது.
என் காட்டை எழுப்ப
முந்நூற்று எழுபத்தைந்தே போதும்.
கதவுக்கு மேலே காற்றுச் சன்னல்.
அதற்கு நேரே என் கறுப்புத் துணியில்
யாரோ இஸ்திரி போட்டுச் சுட்ட ஓட்டை,
எட்டணாக் காசளவு.

அணைக்கச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.
கோடு சட்டென்று விழவில்லை.
முதலில் கொஞ்சம் இறங்கி
பிறகு மனசில்லாமல் இறங்கி
பிறகு ஏறக்குறைய இறங்காமலே இறங்கியது.
ஒளி போனபின்னும் உடனே விட்டுவிடாத குணம்
இந்தப் பொருளுக்கு உண்டு.
தேர்வில் ஒருமுறை அதற்குப் பத்து மதிப்பெண்
வாங்கியிருக்கிறேன்.

ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
முடியில் சிக்கிய ஓர் ஈசல் இறக்கை
விசைப்பலகைமேல் விழுகிறது.
அதற்கும் அந்த நீலத்தைப் பார்த்தால்
போகாமலிருக்க முடியவில்லை.
எனக்கு அந்த நாலு மைக்ரோ ஆம்பியர்.

கைப்பேசியில் உடுப்பா சாருக்கு எழுதத் தொடங்கி
"சார், அந்தப் பத்தி" வரை வந்திருக்கிறேன்.
மூன்று முறை அழித்தாயிற்று.
வரைபடம் இன்னும் சுழியைத் தொடவில்லை.
அலுமினியத் தாளால் ஓட்டையை மூடலாம்,
மூடியபின் நாளை மீண்டும் அளக்கலாம்,
இருபத்து மூன்று மாதிரிகளையும்.

கதவிடுக்கில் சென்னபசப்பா:
"போடட்டுமா மேடம்? கடிக்குது."

கணுக்காலைச் சொறிந்துகொண்டே
இன்னும் பதினேழு நிமிடம் என்றேன்.